நானூறு ரூபாய் மோட்டார் சைக்கிள்

இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன், அவலூர்பேட்டை



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி பேரவைச் செயலாளர் அண்ணன் வகுப்புக்கு வந்து கேட்டார். காந்தியடிகள், காமராசர், அப்துல் கலாம் எல்லோரையும் முன் பெஞ்சு நண்பர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. போன வருஷம் என்னையும் எங்க வீட்டையும் ஒரு பெரிய கடனிலிருந்து காப்பாற்றிய மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் கண்ணை மூடி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் எங்க ஊர்க் கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குதிரையும் சந்தையும்

எங்க ஊர் அவலூர்பேட்டை. செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கிறது. சித்தகிரி மலை மேல் முருகன் கோயில், கீழே கடைத்தெரு, நெல் மூட்டை வந்து குவியும் கமிட்டி, ஆடு மாடு விற்கும் வாரச்சந்தை. இதுதான் எங்க ஊர்.

செஞ்சிச் சீமையில் பிறந்தவனுக்கு வண்டிப் பெருமை ரத்தத்திலேயே ஊறியது என்று நினைக்கிறேன். ராஜா தேசிங்கு கதை தெரியாத பிள்ளை எங்க பக்கம் கிடையாது. டெல்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கி ஏறிய வீரம், 1714-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு சண்டை போட்டு இளம் வயதிலேயே மாண்டுபோன சோகம், எல்லாம் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தோம். தெருக்கூத்தில் தேசிங்கு குதிரை ஏறினால் விசில் பறக்கும். இன்றைக்குக் குதிரை இல்லை. அந்த இடத்துக்கு பைக் வந்துவிட்டது. எங்க தெருவில் ஒருவன் பெட்ரோல் டேங்கில் தேசிங்கு என்றே ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறான்.

சந்தையில் இன்னொரு பாடம் இருக்கிறது. மாடு விற்க வருகிறவர்கள் அதைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் சலங்கை கட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தரகர் அதையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நேரே வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். பிறகு துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார். கொம்பு வர்ணத்துக்கு ஒரு விரல்கூட ஏறாது! சின்ன வயதில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதே பாடத்தை பைக் விஷயத்தில் நானே மறந்துபோனேன்.

அண்ணன் வாங்கிய வண்டி

எங்க பெரியப்பா மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். முதல் இரண்டு வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தோடு பைனான்ஸும் போட்டு ஒரு பெரிய பைக் எடுத்தார். எடுத்தது எடுத்தபடி ஓட்டவில்லை. ஹேண்டில்பார் மாற்றினார், சைலன்சர் மாற்றினார், சக்கரம், விளக்கு, சீட்டு எல்லாம் மாற்றினார். கம்பெனி அடித்த பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பளபளப்பு இல்லாத கறுப்பு அடித்தார். பொங்கலுக்கு அதில் ஊருக்கு வந்தபோது கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மேல்மலையனூர் அம்மன் தேரில் ஏறியது போல இருந்தது!

இரண்டு வருஷம் கழித்து அக்கா கல்யாணம் வந்தது. வண்டியை விற்க வேண்டிய நிலைமை. பழைய வண்டி வாங்கி விற்கிறவரிடம் அண்ணனோடு நானும் போனேன். அவர் சந்தைத் தரகர் மாதிரியே நடந்துகொண்டார். மாற்றின சாமான்கள் பக்கம் கண் போகவே இல்லை. ஆர்.சி. புக்கில் இருக்கும் கலர் என்ன, வண்டியில் இருக்கும் கலர் என்ன என்று கேட்டார். ஒரிஜினல் சைலன்சர் எங்கே என்று கேட்டார். கடன் முடிந்ததற்கு பைனான்ஸ் கொடுக்கும் என்.ஓ.சி. கேட்டார். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், இன்சூரன்ஸ், எத்தனையாவது ஓனர் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு விலை சொன்னார். அண்ணன் முகம் செத்துவிட்டது. ஆசை ஆசையாக மாற்றியதற்குச் செலவான பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்த விலையில் இல்லை. மேற்கொண்டு, பழையபடி மாற்றுவதற்கு ஆகும் செலவையும் அவர் கழித்துக்கொண்டார்.

பிறகு விசாரித்தபோதுதான் காரணம் புரிந்தது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்து தீர்ப்பு சொன்னது. ஆகவே, மாற்றின வண்டியை வாங்குகிறவனுக்கு அழகோடு சேர்ந்து தலைவலியும் வருகிறது. யார் காசு கொடுத்துத் தலைவலியை வாங்குவார்?

தேய்மானம் என்று நமக்குப் பாடம் இருக்கிறதல்லவா! இன்சூரன்ஸ்காரர்கள் வண்டிக்கு மதிப்புப் போடுகிற கணக்கு அதற்கு நல்ல உதாரணம். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிப்பார்கள். ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டு வருஷத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. ஐந்து வருஷத்தில் பாதி போய்விடும். இது சும்மா நிறுத்தி வைத்த வண்டிக்கும் பொருந்தும். விதிவிலக்கு உண்டு. 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 இன்றைக்கு, அன்று விற்ற விலையைப் போலப் பல மடங்குக்குப் போகிறது. ஆனால் அங்கேயும் தரகர் கேட்பது, எல்லாம் ஒரிஜினலாக இருக்கிறதா என்பதைத்தான்.

அம்மாவின் கம்மல்

இவ்வளவும் கண்ணால் பார்த்தவன் திருந்தியிருக்க வேண்டும் இல்லையா? நான் திருந்தவில்லை. அண்ணனுக்கு நேரம் சரியில்லை, நமக்கு அப்படி ஆகாது என்று நினைத்தேன். முதல் வருஷம் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் எனக்கும் ஒரு பெரிய பைக் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தேன்.

எங்க வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான்தான். எங்கப்பா கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கம்மா நூறு நாள் வேலைக்கும் களை எடுக்கவும் போகிறார். படிக்கிற பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். மூன்றாவது நாள் அம்மா காதில் கம்மல் இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. மீதிக்கு பைனான்ஸ் பேப்பரில் அப்பா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. நான் சந்தோஷமாகக் காலேஜுக்கு வந்தேன். இதை எழுதும்போது எனக்கே என் மேல் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். உங்களில் சிலருக்கும் இது நடந்துகொண்டிருக்கலாம்.

அந்த வாரம் ஆட்டோமொபைல் சார் ஆளுக்கொரு தலைப்பு கொடுத்து செமினார் எடுக்கச் சொன்னார். எனக்கு வந்தது ஜி.டி. நாயுடு. லைப்ரரியில் உட்கார்ந்து படித்தேன்.

களங்கல் கிராமத்துப் பையன்

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் வருஷம் மார்ச் 23-ஆம் தேதி கோவைக்குப் பக்கத்தில் களங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடினார் என்று ஒரு கதை உண்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு வாழ்நாள் முழுவதும் தானே புத்தகம் வாங்கிப் படித்துக்கொண்டார். (நண்பர்களே, இதைப் படித்துவிட்டு யாரும் கிளாஸை விட்டு ஓடிவிடாதீர்கள்! ஓடியவர்கள் எல்லாம் நாயுடு ஆகவில்லை.)

வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த இளைஞன் வாழ்க்கையில் ஒரு நாள் ஒரு சத்தம் கேட்டது. வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானே ஓடுவதைப் பார்த்து நாயுடு திகைத்து நின்றார். அது இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் தயாரான ரட்ஜ் மோட்டார் சைக்கிள், 1912 மாடல்.

ரட்ஜ் அந்தக் காலத்தில் சாதாரண வண்டி இல்லை. 1914-ல் மேன் தீவில் நடந்த புகழ்பெற்ற டி.டி. பந்தயத்தின் சீனியர் பிரிவில் முதலாவதாக வந்தது ரட்ஜ்தான். இன்றைக்கு நாம் வாய் பிளந்து பார்க்கிற எந்தப் பெரிய பைக்குக்கும் குறையாத மரியாதை அன்று அதற்கு இருந்தது. ஆனால் அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளை ஓட்டுவது லேசான காரியம் அல்ல. நம்ம வண்டியில் இருப்பது போலச் செயின் இல்லாமல் பெரும்பாலும் பெல்ட்டில்தான் பின்சக்கரம் சுற்றும். எஞ்சினுக்கு ஆயிலைக் கையால் பம்ப் அடித்துக் கொடுக்க வேண்டும். ராத்திரியில் கார்பைடு விளக்கு. வண்டியைப் பற்றி ஓரளவு தெரியாதவன் அன்று வண்டி வைத்திருக்கவே முடியாது. வாங்கினவனே மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டும்.

அந்த வண்டியை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று நாயுடு முடிவு செய்தார். கையில் காசு இல்லை. ஊரை விட்டுக் கிளம்பி, இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்தே கோயம்புத்தூர் போய், ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, மேஜை துடைத்துச் சம்பாதித்தார். ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, மூன்று வருஷம் அந்த வேலை பார்த்தார். நானூறு ரூபாய் சேர்ந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவருக்கும் என்னைப் போலவே பைக் பைத்தியம்தான். அந்த வயதும் கிட்டத்தட்ட என் வயதுதான். அவர் வாங்கியதும் புது வண்டி கிடையாது, ஒருவர் ஓட்டின பழைய வண்டி. ஆனால் மூன்று வருஷம் மேஜை துடைத்தது அவர் கை. என் வண்டிக்குத் துடைக்கப்போவது யார் கை? எங்கப்பாவின் முதுகல்லவா?

வாங்கினவர் செய்த காரியம்

வண்டி கைக்கு வந்ததும் நாயுடு என்ன செய்தார்? கோவைத் தெருவில் நாலு ரவுண்டு அடித்துப் பெருமை காட்டியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார்! ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். திரும்பப் பூட்டினார். மறுபடியும் பிரித்தார். மறுபடியும் பூட்டினார். சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை, லேப் இல்லை, யூடியூப் இல்லை. வண்டியே புத்தகம், ஸ்பேனரே பேனா. இப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

விற்பனை மதிப்பை மட்டும் பார்க்கிறவன் இப்படிச் செய்யவே மாட்டான். எஞ்சினைத் திறக்காத வண்டி என்று சொல்லித்தானே விலை கேட்பார்கள்! மூன்று வருஷ உழைப்பில் வாங்கிய பொருளைப் பல முறை பிரிப்பவன், அதைத் திரும்ப விற்கும் விலையை அன்றைக்கே கை கழுவிவிட்டான் என்று அர்த்தம். வண்டியில் போனதெல்லாம் அவர் தலைக்குள் ஏறியது. வண்டி தேயும், தலைக்குள் ஏறினது தேயாது. தேய்மானக் கணக்கில் இதற்குச் சூத்திரம் இல்லை.

ஒரு பஸ்ஸிலிருந்து

அதன்பிறகு அவர் வாழ்க்கை நேர்கோடாகப் போகவில்லை. திருப்பூரில் பருத்தித் தொழில் செய்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல லாபம் பார்த்தார். தைரியத்தில் பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். அங்கே சம்பாதித்ததை இழந்துவிட்டு ஊர் திரும்பினார். கை வெறுமையாக இருந்தது, ஆனால் ஸ்பேனர் பிடித்த கை அது.

கோவையில் அப்போது பெரிய தொழிலதிபராக இருந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் கைகொடுத்ததில் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ்ஸை ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. ரிப்பேர் வந்தால் அடியில் படுப்பதும் அவரே. அந்த ஒரு பஸ்ஸிலிருந்து வளர்ந்ததுதான் யு.எம்.எஸ். எனப்படும் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். நாட்டிலேயே மிகச் சிறப்பாக நடந்த பஸ் கம்பெனிகளில் ஒன்றாக அது பெயர் வாங்கியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதல் மோட்டார் சைக்கிளுக்கு அவர் யாரிடமும் கைநீட்டவில்லை. மூன்று வருஷம் காத்திருந்தார். பஸ்ஸுக்கு அடுத்தவர் உதவியை வாங்கிக்கொண்டார். ஏன்? மோட்டார் சைக்கிள் அவருடைய ஆசை. பஸ், காலையில் கிளம்பினால் சாயங்காலம் டிக்கெட் காசோடு திரும்பி வரும். தன்னை அடைத்துக்கொள்கிற கடன் வேறு, தன் மேல் ஏறி உட்காருகிற கடன் வேறு. இந்த வித்தியாசத்தை யாரும் எனக்கு அதுவரை சொல்லவில்லை. பைனான்ஸ் பேப்பரிலும் அது அச்சடிக்கப்படவில்லை.

பிரித்த கை படைத்த பொருள்கள்

வண்டியைப் பிரித்துப் பார்த்த கை பிறகு எதைப் பார்த்தாலும் பிரித்துப் பார்த்தது. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்து முகச்சவரம் செய்யும் ரேஸர் செய்தார். அதற்கு ரேசன்ட் என்று பெயர். மிக மெல்லிய சவர பிளேடு, சினிமா காமிராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் சுற்றும் மின்விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். கரண்ட் இல்லாத வீடுகள் நிறைந்த காலத்தில் மண்ணெண்ணெய் மின்விசிறி என்றால் எவ்வளவு பெரிய விஷயம்!

1937-ல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸில் டி. பாலசுந்தரம் நாயுடுவின் திறமையோடு மின் மோட்டார் தயாரானது. இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். இன்றைக்குக் கோயம்புத்தூர் மோட்டார், கோயம்புத்தூர் பம்ப்செட் என்றால் நம்ம ஊர் விவசாயி கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார். அந்தப் பெயருக்கு விதை போட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள்.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குத் தயாரித்துத் தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் காரை இரண்டாயிரம் ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை, கார் நின்றுபோனது. அவர் கணக்கு எப்போதும் ஒரே மாதிரிதான். பணக்காரன் மட்டும் வைத்திருக்கிற பொருளை எப்படிச் சாதாரண ஆள் வீட்டுக்குக் கொண்டுவருவது? பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற வண்டியை அவர் செய்ய நினைக்கவில்லை. பத்தாயிரம் பேர் ஏறிப் போகிற வண்டியைச் செய்ய நினைத்தார்.

தோட்டத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. பருத்தி, சோளம், பப்பாளி என்று ஆராய்ச்சி செய்தார். சர் சி.வி. ராமன், விஸ்வேஸ்வரய்யா போன்ற பெரியவர்கள் அவருடைய தோட்டத்தை வந்து பார்த்திருக்கிறார்கள். காமிராவைக் கையில் எடுத்துக்கொண்டு உலகம் சுற்றினார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்தார்.

அவர் செய்ததெல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். வரிக்கொள்கையை எதிர்த்து, தான் செய்த பொருள்களை ஜனங்கள் முன்னால் போட்டு உடைத்தார் என்று படித்தபோது மனசு கேட்கவில்லை. மூட்டை தூக்குகிறவர் மகனுக்கு, நல்ல பொருள் உடைவதைப் பார்க்கத் தாங்காது. அவர் கோபத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனாலும் யாருக்காவது கொடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. பொருள் மேல் அவருக்கு ஒட்டுதல் இல்லை, அது செய்யத் தெரிந்த கை இருக்கிறது என்ற தைரியம்தான் அப்படிச் செய்ய வைத்தது என்று எங்க சார் சொன்னார். அதுவும் சரியாக இருக்கலாம்.

நமக்கும் அவருக்கும் உள்ள உறவு

பாலிடெக்னிக் மாணவர்களாகிய நாம் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டிய காரணம் ஒன்று உண்டு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், ஆர்தர் ஹோப் பெயரிலேயே பொறியியல் கல்லூரியும் அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் தொடங்கின. அன்றைய சென்னை மாகாண கவர்னர் பெயர்தான் அது. அந்தக் கல்லூரிதான் இன்றைக்கு ஜி.சி.டி. என்று நாம் ஏக்கத்தோடு சொல்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி. லேட்டரல் என்ட்ரியில் அங்கே இடம் கிடைக்காதா என்று நம்மில் எத்தனை பேர் கனவு காண்கிறோம்!

மூன்றாம் வகுப்போடு நின்ற மனிதர் அங்கே முதல்வராக இருந்தார் என்றால் நம்புவீர்களா? நான்கு வருஷப் படிப்பு காலத்தை வீணாக்குவது, ஒழுங்காகக் கையால் வேலை செய்து படித்தால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கொள்கை. அன்றைய அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். மூன்று வருஷம் படிக்கிற நாம் இதில் யார் பக்கம் என்று கேன்டீனில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். ஆனால் ஒர்க் ஷாப் கிளாஸில் அடுத்தவன் செய்த ஜாப்பில் நம்பரை அழித்து நம் நம்பரைப் போட்டுக் காட்டுகிறோமே, அந்த வழக்கத்துக்கு அவரிடம் மன்னிப்பு இருந்திருக்காது.

1974 ஜனவரி 4-ஆம் தேதி அவர் காலமானார். கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் தொழிற்காட்சியகம் இருக்கிறது. பழைய கார்களை வைத்து ஒரு மியூசியமும் இருக்கிறது. 2025 அக்டோபரில் அதே அவிநாசி ரோட்டில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் நடந்தே கோயம்புத்தூருக்கு வந்த பையனுடைய பெயரில், இன்று ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன.

மூன்று நட்டு

செமினார் எடுத்து முடித்த அன்று சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போனேன். அப்பா கையெழுத்துப் போட எண்ணெய் தேய்த்துக் குளித்து வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். வேண்டாம்ப்பா என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பணம் போதாது என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கலாம் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அட்வான்ஸில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குறையை நான் லீவு நாட்களில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை செய்து அடைத்தேன். நாலு மாதம் ஆனது. அம்மா காதுக்குக் கம்மல் திரும்பி வந்தது.

அப்பாவிடம் ஒரு பழைய டி.வி.எஸ். மொபெட் இருக்கிறது. தரகரிடம் கொண்டுபோனால் இரும்பு விலைக்குத்தான் கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாயுடுவை மனசில் வைத்துக்கொண்டு, அதன் எஞ்சினைப் பிரித்தேன். கார்புரேட்டர், பிஸ்டன், ரிங், மேக்னெட் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பழைய புடவை மேல் வரிசையாக வைத்தேன். பிரிக்க அரை நாள். பூட்ட மூன்று நாள்! அந்த மூன்று நாளும் அப்பா கமிட்டிக்கு நடந்தே போனார், ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைசியில் பூட்டி முடித்தபோது கையில் மூன்று நட்டு மிச்சம் இருந்தது. எங்கே விட்டேன் என்று இரண்டு முறை திரும்பப் பிரித்துப் பார்த்து, இரண்டைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாவது இன்னும் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆனது நண்பர்களே! முதல் மிதியில் இல்லை, ஏழாவது மிதியில். அப்பா ஏறி உட்கார்ந்து கடைத்தெரு வரைக்கும் ஒரு ரவுண்டு போனார். சந்தைப் பக்கம் நின்றிருந்தவர்களிடம், என் மகன் பிரித்துப் பூட்டினது என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு வந்தார். பெரியப்பா மகனுடைய வண்டியைப் பார்த்த மாதிரி யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா கண்ணில் இருந்த பெருமையை மட்டும் நான் பார்த்தேன்.

எனக்குப் பெரிய பைக் ஆசை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்பவும் ரோட்டில் ஒன்று போனால் தலை தானாகத் திரும்புகிறது. என்றைக்காவது வாங்குவேன். ஆனால் என் சம்பளத்தில் வாங்குவேன். வாங்கின மறுவாரம் அதைப் பிரித்துப் பார்ப்பேன். அதனால் விற்கும்போது விலை குறையும் என்றால் குறையட்டும்.

டிப்ளமோ முடித்ததும் முதல் சம்பளத்தில் அப்பாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் பஸ்ஸில் போகும்போது, மூன்றாம் வகுப்பு படித்த ஒருத்தர் பெயர்ப்பா இது என்று சொல்ல வேண்டும். எங்கப்பாவும் மூன்றாம் வகுப்புதான்.